ஓட்டுநரும் கெலிண்டானும்

என் அப்பா லாரி ஓட்டுநர். சுங்கைப்பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த், சில நாள்களில் ஈப்போ வரைக்கும் சரக்கு ஏற்றிச் செல்வார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு கெலிண்டான் இருப்பார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, ஒரு பள்ளி விடுமுறையில் அடம்பிடித்து நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். ஒரு கிடங்கின் வாசலில் அப்பா லாரியைப் பின்னால் எடுக்கத் தொடங்கியதும் கெலிண்டான் மாமா சட்டென்று கீழே குதித்துப் பின்பக்கம் ஓடினார். “கோஸ்தான்… கோஸ்தான்… போதும்ணே!” என்று அவர் கத்தக் கத்த அப்பா அங்குலம் அங்குலமாக லாரியை நகர்த்தினார்.

“கண்ணாடியிலதான் எல்லாம் தெரியுதேப்பா, மாமா எதுக்கு எறங்குறாரு?” என்று கேட்டேன்.

“கண்ணாடியில தெரியாததப் பாக்கத்தாம்மா” என்றார் அப்பா.

அன்று அந்தப் பதில் எனக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, நம் பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தில் ஒரு தோழிக்கு நான் செய்த தவற்றால்தான் அது திரும்பி வந்தது.

கணினித் துறையில் படிக்காத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இருவர் ஒரே கணினியின் முன் அமர்ந்து ஒரே நிரலைச் சேர்ந்து எழுதுவதை இணை நிரலாக்கம் என்கிறோம். விசைப்பலகையைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர். பக்கத்தில் இருப்பவர் வழிகாட்டி. ஓட்டுநரின் கண் இப்போது எழுதப்படும் வரியில் இருக்கும். வழிகாட்டியோ அந்த வரி முழு நிரலில் எங்கே பொருந்துகிறது, அடுத்து என்ன வரவேண்டும், எங்கே இடிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அவ்வளவுதான் விதி. கென்ட் பெக் 1999-இல் வெளியிட்ட, ‘எக்ஸ்டிரீம் புரோகிராமிங்’ முறையை விளக்கும் நூலால் இது பரவலாக அறியப்பட்டது. ஆனால் வழக்கம் அதைவிடப் பழையது. எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினிக்கு நிரல் எழுத 1945-இல் ஆறு பெண்கள் தேர்வு செய்யப்பட்டனர். அவர்களில் பின்னாளில் ஜீன் பார்ட்டிக், பெட்டி ஹோல்பர்டன் என்று அறியப்பட்ட இருவரும் எறிகணையின் பாதையைக் கணக்கிடும் நிரலை ஒருவர் பிழையை மற்றவர் பிடித்துக் கொடுத்துச் சேர்ந்தே உருவாக்கினார்கள். நம் துறையில் பெண்கள் குறைவு என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரின் நினைவுதான் வரும்.

முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் எங்களுக்கு இந்த முறையில் ஓர் இடுபணி தரப்பட்டது. எங்கள் பிரிவில் தமிழ்ப் பெண்கள் இருவர்தாம். நானும் அவளும். வேறு பேச்சே இல்லாமல் இணை சேர்ந்துவிட்டோம். நான் மெட்ரிகுலேசன் வழி வந்தவள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, சித்தப்பா மகனின் பழைய மடிக்கணினியில் யூடியூப் பார்த்துப் பார்த்து நிரலாக்கம் பழகியிருந்தேன். அவள் எஸ்.டி.பி.எம். வழி வந்தவள். பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் முதன்முதலாக ஒரு நிரலை எழுதினாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

முதல் நாளே விசைப்பலகை என் பக்கம் வந்துவிட்டது. நான் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவள்தான், “நீ வேகமாத் தட்டுவ, நீயே செய்டி” என்று தள்ளிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாறச் சொல்லி விரிவுரையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். யார் மாறினார்கள்? இடுபணி முடிந்தால் போதும் என்றிருந்தது. மூன்று வாரங்கள் நான் தட்டினேன், அவள் பார்த்தாள். ஒவ்வொரு பகுதியை முடித்ததும், “புரியுதாடி?” என்று கேட்பேன். தலையாட்டுவாள்.

அந்தத் தலையாட்டலை நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் நான் வாய் ஓயாதவள். இரண்டு பேருக்கு ஒரு மேசை. சொல்வதெழுதுதல் பயிற்சியில் ஒருத்தி சொல்ல மற்றவள் எழுத வேண்டும். றகரமா ரகரமா என்று நானும் பக்கத்து இருக்கைக்காரியும் போட்ட சண்டைகளுக்கு அளவே இல்லை. ஆறாம் ஆண்டுத் தேர்வில் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாததால் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். அதன் பிறகு படிவம் ஒன்று. அறிவியல் ஆசிரியை மலாயில் ஒரு பாடத்தை நடத்தி முடித்து, புரிகிறதா என்று என் முகத்தைப் பார்ப்பார். புரியவில்லை என்று சொன்னால் அடுத்து, எது புரியவில்லை என்று கேட்பார். அதைச் சொல்வதற்கான மலாய்ச் சொற்கள் என்னிடம் இல்லை. ஆகவே தலையாட்டினேன். ஏறத்தாழ ஈராண்டுகள் தலையாட்டியே காலத்தை ஓட்டினேன். அந்த ஆசிரியையின் மேல் தவறில்லை. நாற்பது பேர் தலையாட்டினால் அவரும் எத்தனை பேரைத்தான் சந்தேகிப்பார்?

இடுபணிக்கு வருகிறேன். மாணவர்களின் மதிப்பெண்களைப் பெற்றுக்கொண்டு, கூட்டி, சராசரியைக் காட்ட வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழி. சோதித்துப் பார்க்க 70, 65, 80, 55, 72 என்று ஐந்து எண்களைக் கொடுத்தேன். கூட்டுத்தொகை 342. திரையில் சராசரி 68 என்று வந்தது. அடுத்த பகுதிக்குத் தாவினேன்.

“புள்ளிக்குப் பின்னால ஒண்ணும் வரலையே…” என்றாள் அவள், மெதுவாக.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். என் விரல்கள் நிற்கவே இல்லை.

342-ஐ ஐந்தால் வகுத்தால் 68.4. அம்மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு முழு எண்ணையே விடையாகத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் நல்ல பிள்ளை போல் ஓடும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அவள் அதை மனக்கணக்கிலேயே கண்டுபிடித்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத செய்தி அன்று இது. ஆனால் தட்டிக்கொண்டிருப்பவளின் கண் அடுத்த வரியில்தான் இருக்கும் என்பதும் உண்மை. அப்பாவின் கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் அந்தப் பிழை நின்றுகொண்டிருந்தது. இறங்கிப் பார்த்துக் குரல் கொடுத்தவளை நான் மதிக்கவில்லை.

இடுபணியில் அந்தப் பிழைக்காக மதிப்பெண் குறைந்தது. அது போகட்டும். இறுதித் தேர்வு தனித்தனியாக எழுத வேண்டியது. தாளில் கையால் நிரல் எழுத வேண்டும். நான் ஏ கழித்தல் வாங்கினேன். அவள் தேர்ச்சி பெறவில்லை.

முடிவு வந்த இரவு விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் அழவில்லை. “தேர்வுத் தாள பாத்ததும் எனக்கு என்னா தோணுச்சு தெரியுமா? இந்தப் பருவத்துல என் கையால ஒரு நிரலக்கூட நான் முடிச்சதில்ல” என்றாள். அவள் என்மேல் குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் எனக்கு எதிர்வாதம் செய்ய வசதியாக இருந்திருக்கும். அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தால் ஒரு பருவம் நீளும், பி.டி.பி.டி.என். கடனும் கூடும், வீட்டில் தம்பி படிவம் ஐந்து. பேசாமல் வேறு துறைக்கு மாறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் இந்த முறையைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். குற்ற உணர்ச்சியில் படித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1999-இல் 41 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். 13 பேர் தனியாகவும் 28 பேர் இணைகளாகவும் ஒரே பணிகளைச் செய்தனர். இணைகள் இருவரின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகச் செலவழித்தன. ஆனால் அவர்களின் நிரல்களில் பிழைகள் குறைவு. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சார்லி மெக்டவல், லிண்டா வெர்னர் குழுவினர் தொடக்கநிலை நிரலாக்க மாணவர்களிடையே செய்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. இணையாகப் பயின்றவர்கள் பாடத்தைப் பாதியில் கைவிடுவது குறைந்தது, கணினித் துறையிலேயே தொடர்ந்தவர்கள் கூடினர், தன்னம்பிக்கையும் கூடியது என்று 2006-இல் எழுதினார்கள். இதைப் படித்தபோது என் முகம் சுட்டது. துறையில் தங்கவைக்கும் என்று அவர்கள் கண்ட அதே முறையைக் கொண்டுதான் நான் ஒருத்தியைத் துறையை விட்டே போக யோசிக்க வைத்திருந்தேன்.

இதை எல்லாருக்கும் பொருந்தும் மருந்தாக நான் விற்க வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஹன்னேயும் உடனாய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை, எளிய பணிகளில் இணைகள் விரைவாக முடிக்கின்றன, கடினமான பணிகளில் தரம் கூடுகிறது, ஆனால் அதற்கு உழைப்பும் கூடுகிறது என்றே சொல்கிறது. தொழில் நிறுவனங்களுக்கு அது இழப்பாகத் தெரியலாம். மாணவர்களுக்கு அந்தக் கூடுதல் நேரம்தானே பாடம்?

தோழி துறை மாறவில்லை. மாறாதே என்று நான் கெஞ்சியதாலா அல்லது மாறுவதற்கான பாரம் நிரப்பும் காலக்கெடு முடிந்துவிட்டதாலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பாடத்தை மறுபடி எடுத்தாள். வாரத்தில் இரண்டு இரவுகள், விடுதியின் படிப்பறையில், இந்த முறை அவள் ஓட்டுநர், நான் கெலிண்டான். வழிகாட்டி என்ற சொல் எனக்குப் பொருந்தவில்லை. ஏதோ எல்லாம் தெரிந்தவள் போன்ற தொனி அதில் இருக்கிறது. கெலிண்டானுக்கு லாரியின் மேல் அதிகாரம் கிடையாது. குரல் மட்டும்தான் உண்டு.

அந்தக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவாள். எனக்குக் கை துறுதுறுக்கும். முதல் வாரத்தில் இரண்டு முறை விசைப்பலகையைத் தொட்டுவிட்டேன். மூன்றாவது முறை, “கைய எடுடி” என்றாள். அதிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வேன். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல உத்தியை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

பேச்சு முழுவதும் தமிழில்தான். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நான் பிறந்த 2003-இல்தான் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் பள்ளிகளில் தொடங்கியது. நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது அது விடைபெற்றுக்கொண்டிருந்தது. ஆசிரியர் ஒரு வரியைத் தமிழிலும் மறு வரியை ஆங்கிலத்திலும் சொல்வார். இடைநிலைப்பள்ளியில் அதே பாடங்கள் மலாயில். பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில். இப்படி மொழி மாறி மாறி வந்த நமக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் எந்த மொழியில் இருக்கிறது? எனக்குத் தமிழில்தான் இருக்கிறது. அவளுக்கும் அப்படியே. ஓர் இரவு நடந்த உரையாடல் இது.

“இந்த ஐ எத்தன தடவ சுத்தும்?”

“அஞ்சு.”

“எதுல ஆரம்பிக்குது?”

“சுழியத்துல.”

“எதுவரைக்கும் போகச் சொல்லியிருக்க?”

“அஞ்சு வரைக்கும். சிறியது அல்லது சமம்னு போட்டிருக்கேன்.”

“விரல விட்டு எண்ணு.”

“சுழியம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு… ஐயையோ, ஆறு தடவ சுத்துதுடி!”

ஐந்து பெட்டிகளுக்கு எண் சுழியத்திலிருந்து நான்கு வரை. ஆறாவது சுற்றில் நிரல் தனக்குச் சொந்தமில்லாத ஒரு பெட்டியைத் திறந்து அதில் கிடப்பதையும் சேர்த்துக் கூட்டிவிடும். விரிவுரையில் இதை நாங்கள் இருவருமே கேட்டிருந்தோம். அவளுக்கு அது ஏறியது அந்த ஐயையோவில்தான். எனக்கும் ஒன்று கிடைத்தது. ஏன் சமக்குறி வரக்கூடாது என்று அவள் திருப்பிக் கேட்டபோது, வழக்கமாக அப்படித்தான் எழுதுவேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஏ கழித்தல் வாங்கிய என்னிடம்! பத்து நிமிடம் தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து இருவரும் சேர்ந்தே காரணத்தைக் கண்டுபிடித்தோம்.

அவள் அந்தப் பாடத்தில் பி வாங்கினாள்.

மூன்றாம் ஆண்டில் நம் கழகத்தின் வழியாகச் சனிக்கிழமைக் காலைகளில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி வகுப்பைத் தொடங்கினோம். பதினான்கு பேர், ஏழு கணினிகள். கணினி பற்றாததால் இணையாக உட்கார வைத்தார்கள் என்று சில தம்பிமார் இன்றும் நம்புகிறார்கள். முதல் இரு வாரங்களில் நான் ஒரு தவறு செய்தேன். தமிழ்ப்பள்ளிப் பழக்கத்தில், கெட்டிக்காரர் பக்கத்தில் தடுமாறுபவரை உட்கார வைத்தேன். உடனே என் பழைய கதை ஏழு மேசைகளில் நடந்தது. ஏழு பேர் தட்டினார்கள், ஏழு பேர் தலையாட்டினார்கள். மூன்றாம் வாரம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்த்தேன். இருவரும் தடுமாறும் மேசைகளில் சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஆனால் அங்கே யாரும் தலையாட்டவில்லை. ஆட்டினால் வேலை நடக்காது.

கைப்பேசியில் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை மணியடிக்க வைத்தோம். மணியடித்தால் வரி பாதியில் இருந்தாலும் இடம் மாற வேண்டும். முதல் பத்து நிமிடம் கணினியைத் தொடக்கூடாது, தாளும் பேனாவும்தான். ஓட்டுநர் என்ன எழுதப் போகிறார் என்பதை வாயால் சொல்லாமல் எழுதக்கூடாது. கூச்சத்தால் ஓர் இணை நான்கு வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு தம்பி, ஒரு தங்கை. வேறு வேறு இணைகளில் மாற்றிப் போட்ட பிறகுதான் இருவரும் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் உத்தி இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, பக்கத்துல ஆளு எதுக்கு? சாட்ஜிபிடி இருக்கே.” நியாயமான கேள்விதான். 2022 நவம்பரில் அது வந்த பிறகு எங்கள் படிப்பே மாறிவிட்டது. கிட்ஹப் கோபைலட்டை அதன் நிறுவனமே இணை நிரலாளர் என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தியது. நானும் பயன்படுத்துகிறேன், மறைக்கவில்லை. ஆனால் அது என்னைவிட வேகமாகத் தட்டுகிறது. நாம் பார்த்துத் தலையாட்டுகிறோம். அந்த இருக்கையில் உட்கார்ந்தவளின் கதையைத் தம்பியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். கதைக்குரியவளோ இரண்டு மேசை தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவளும் எங்களோடு வகுப்பெடுக்கிறாள். அவளே வந்து, “சரி, அதுகிட்டயே கேட்டு எழுதி வாங்கு. அப்புறம் எடத்த மாத்து. நீ கெலிண்டான். ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு எனக்குச் சொல்லு” என்றாள். நான்காவது வரியில் தம்பி நின்றுவிட்டான். தாளை எடுத்துப் பெட்டிகளை வரையத் தொடங்கினான்.

சென்ற சனிக்கிழமை கடைசி மேசையில் ஒரு தங்கை சராசரி கணக்கிடும் நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரையில் பின்னம் இல்லாத ஒரு முழு எண். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குனிந்தேன். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். என் விரல் விசைப்பலகையை நெருங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“கைய எடுடி.”

எடுத்தேன். அவளுடைய இணையாக இருந்த இன்னொரு தங்கை திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “புள்ளிக்குப் பின்னால ஒண்ணும் வரலையே…” என்றாள்.